தோள்பை: பெண்ணையோடு ஐந்து நாள்!

தலைப்பைப் பார்த்துட்டு, 'ஆஹா, பையன் எங்கேயோ சிக்கிட்டான்டா'னு புருவத்தைத் தூக்காதீங்க. இந்தப் பெண்ணை, தென்பெண்ணை. ஆறு பாஸ், ஆறு! எங்க ஓசூர் வழியா ஓடுற ஆறு.

மேட்டர் ஆரம்பிச்சது எங்க ஹாஸ்டல் ரூம் சுவத்துல. என் ரூம்மேட் தலைமாட்டில் ஒரு பிரேசில் படம் ஒட்டியிருக்கான். ரியோ டி ஜெனீரோ. மலை உச்சியில் கையை விரிச்சு நிற்கிற ஏசு சிலை, கீழே மினுமினுன்னு நகரம், அதுக்கும் கீழே வளைஞ்சு கிடக்கிற கடற்கரை. "மலை, நகரம், கடல்... மூணையும் ஒரே ட்ரிப்ல பார்க்கணும்டா மச்சி. முதுகுல ஒரு பை, கையில ஒரு பஸ் டிக்கெட், அவ்ளோதான்!" என்று தினமும் ராத்திரி புலம்புவான். விமான டிக்கெட் விலையைப் பார்த்த ராத்திரி மட்டும் புலம்பலை. போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துட்டான்.

அன்னிக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மலை, நகரம், கடல் மூணையும் ஒரே நூலில் கோத்துக்கிட்டு நம்ம வாசல் வழியாவே ஒண்ணு ஓடுதே! கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் ஓரத்தை உரசி, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று சுத்தி, கடலூரில் கடலைத் தொடுற தென்பெண்ணை. நானூறு கிலோமீட்டருக்கும் மேலே. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பொங்கல் லீவு போதும்.

பொங்கல் சாப்பிட்ட மறுநாள், தை 2 அன்னிக்குக் கிளம்பினோம். ரெண்டு பேர், ரெண்டு பை, ஆறு காலி வாட்டர் பாட்டில். (ஆறுக்கு ஆறு! கடி ஜோக்குக்கு மன்னிக்கவும்.) பாட்டில் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் நாள்: மலை

ஓசூர்க்காரனுக்கு பெங்களூரு வெளியூரே இல்லை. நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா வேற மாநிலம். ஆனா எங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ், டீக்கடையில் கன்னடம் என்று வளர்ற பசங்க எங்க ஊரில் ஏராளம். விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி, மெஜஸ்டிக்கில் சிக்கபள்ளாபூர் பஸ்ஸுக்கு மாறினோம்.

நந்தி மலை 1,478 மீட்டர். ரூம்மேட் உடனே போனில் தேடினான். ரியோவில் ஏசு சிலை நிற்கிற கோர்கோவாடோ மலை சுமார் 710 மீட்டர்தான். "டேய், நம்மளுது டபுள்டா!" என்று அங்கேயே கையை விரிச்சு போஸ் கொடுத்தான். பனி அப்பிக்கிட்டு இருந்ததால் போட்டோவில் கை மட்டும்தான் விழுந்திருக்கு.

டீக்கடை அண்ணாகிட்ட அரைகுறைக் கன்னடத்தில் "பெண்ணையாறு எல்லி?"ன்னு கேட்டேன். அவர் முழிச்சார். அப்புறம்தான் உறைச்சது, இங்கே அதுக்குப் பேர் தட்சிண பினாகினி! பேரைச் சொன்னதும் சிரிச்சுட்டு, பனிக்குள்ள ஏதோ ஒரு திசையைக் காட்டி, "மழை பெய்தா வரும்"னு சொன்னார். இந்த மலைகளைச் சுத்தி நாலா பக்கமும் ஆறுகள் பிறக்குது. வடபெண்ணை ஆந்திராவுக்குப் போகுது, பாலாறு வேலூர்ப் பக்கம் வருது, எங்க ஆள் தெற்கே இறங்குறார்.

அடிவாரத்தில் ஒண்ணாம் நம்பர் பாட்டிலை நிரப்பலாம்னு ஓடை தேடினோம். ம்ஹூம். மணலும் முள்ளும்தான். கிடைக்கவே இல்லை. முதல் பாட்டில் காலியாவே பைக்குள் போச்சு. ஒரு ஆறு பிறக்கிற இடத்தில் ஒரு பாட்டில் தண்ணி இல்லை. அப்போ கீழே ஓசூரில் ஓடுறது எங்கிருந்து வருது?

நகரம்: விடை கிடைச்ச இடம்

திரும்புற வழியில் ஹொஸகோட்டே ஏரியைப் பார்த்துட்டு, வைட்ஃபீல்டு தாண்டி வர்த்தூர் பக்கம் இறங்கினோம். கண்ணாடிக் கட்டடங்கள். இங்கே வேலை கிடைக்கணும்னுதான் எங்க கிளாஸில் பாதிப் பேர் வேண்டிக்கிறாங்க. அந்தக் கட்டடங்களும் அதைச் சுத்தின அபார்ட்மென்ட்டுகளும் குளிச்சு, துவைச்சு, கழுவி விடுறது பெல்லந்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு வந்து, அப்படியே தட்சிண பினாகினியில் கலக்குது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பிடிச்சு எரிஞ்சது ஞாபகம் இருக்கா? தண்ணியில தீ! அந்த விவகாரத்தில் 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

மலையில் காலியா இருந்த ஆறு, நகரத்தைத் தாண்டினதும் நிரம்பி ஓடுது. எதால நிரம்புதுன்னு இப்போ புரியுதா பாஸ்?

ராத்திரி ஓசூர் வீட்டுக்கு வந்து படுத்தேன். 'எல்லாம் பெங்களூருக்காரங்க வேலை'னு அப்பாகிட்ட நல்லா அளந்துவிட்டேன். அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "நம்ம வீட்டு வாஷிங் மெஷின் தண்ணி எங்கடா போகுது?" "சாக்கடைக்கு." "சாக்கடை எங்க போகுது?"

இருபது வயசாச்சு. இன்ஜினீயரிங் மூணாம் வருஷம். பதில் தெரியலை. அப்பாவுக்கும் தெரியலை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தோம். அம்மா, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க"ன்னு எழுந்து போயிட்டாங்க.

ரெண்டாம் நாள்: நுரை

ஓசூரில் இருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் கெலவரப்பள்ளி அணை. 44 அடி. சுமார் 8,000 ஏக்கருக்குப் பாசனம். ரோஜா, தக்காளி, முட்டைகோஸ்னு பச்சைப் பசேல் ஏரியா. சின்ன வயசில் இந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தா அம்மா கர்ச்சீப்பை என் மூக்கில் வெச்சு அழுத்துவாங்க. எனக்கு ஆறுன்னா அந்த நாற்றமும் கர்ச்சீப்பும்தான்.

அன்னிக்கும் மதகில் தண்ணி விட்டிருந்தாங்க. கீழே வெள்ளை வெளேர்னு நுரை. தூரத்தில் பார்த்தா பனிமலை மாதிரி அழகா இருக்கும், கிட்டே போனா குடலைப் புரட்டும். காத்தில் பிய்ஞ்சு பறந்து வயலில் விழுந்துச்சு. நிறைய தண்ணி விடுற நாட்களில் தரைப்பாலத்தையே நுரை மூடி, போக்குவரத்து நின்னுபோன கதையெல்லாம் நடந்திருக்கு.

ஏன் நுரைக்குது? முதல் வருஷ கெமிஸ்ட்ரிதான். சோப்பு, டிடர்ஜென்ட்டில் சர்ஃபேக்டன்ட் என்று ஒண்ணு இருக்கு. அதோட மூலக்கூறுக்குத் தலை ஒரு கட்சி, வால் ஒரு கட்சி. தலைக்குத் தண்ணி பிடிக்கும். வாலுக்குத் தண்ணியே ஆகாது, வெளியே காத்தைப் பார்த்து நீட்டிக்கும். மதகு வழியா தண்ணி விழுந்து கடையும்போது, உள்ளே மாட்டின ஒவ்வொரு காத்துக் குமிழியையும் இதுங்க சுத்தி நின்னு உடைய விடாம காப்பாத்தும். அதான் நுரை. இதை எழுதி இன்டர்னலில் நான் எட்டு மார்க் வாங்கினேன். எங்க ஊர் ஆத்தைப் பத்தித்தான் எழுதுறேன்னு அப்போ தெரியலை.

கரையில் மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்த தாத்தா, "போட்டோ எடுக்கத்தானே வந்தீங்க? எல்லாரும் எடுக்கறாங்க. எடுத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடறாங்க. எனக்கு மூக்கைப் பொத்தினா மாட்டை யாரு பிடிக்கறது?" என்றார். போனை உள்ளே வெச்சுட்டோம்.

ரெண்டாம் நம்பர் பாட்டில் அங்கே நிரம்பிச்சு. மூடியை இறுக்கி, மூணு பாலித்தீன் கவரில் சுத்தியும் வாசனை பையை விட்டுப் போகலை.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ரூம்மேட் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் போனை என்கிட்ட நீட்டினான். திரையில் இதே நுரை. இதே வெள்ளை. ஆனா ஊர் பிரேசில்! சாவோ பாலோ நகரத்துக்குள்ள ஓடுற டியெட்டே ஆறு. அதோட கதையைக் கேளுங்க. கடலில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு மலையில் பிறக்குது. பக்கத்தில் கடலை வெச்சுக்கிட்டு, அந்தப் பக்கமே திரும்பாம நாட்டுக்குள்ள ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே ஓடி பரானா ஆத்தில் கலக்குது. வழியில் ரெண்டு கோடிப் பேர் வாழ்ற சாவோ பாலோ. அதைத் தாண்டினதும் பிராபோரா டோ போம் ஜீசஸ்னு ஒரு சின்ன ஊர், கிறிஸ்தவர்கள் யாத்திரை போற தலம். அங்கேதான் நுரை தெரு வரைக்கும் வருது. சுத்தம் பண்ற வேலையை 1992-ல் ஆரம்பிச்சாங்க. இன்னும் முடியலை.

"இது என் போஸ்டர்ல இல்லையேடா..." என்றான் ரூம்மேட்.

மூணாவது நாள்: மீனும் வெள்ளமும்

ரெண்டாம் நாள் ராத்திரி கிருஷ்ணகிரியில் ஒரு கிளாஸ்மேட் வீட்டு மொட்டை மாடி. மறுநாள் காலையில் கே.ஆர்.பி. டேம். 52 அடி, 1957-ல் காமராஜர் காலத்தில் திறந்தது. 2017 நவம்பரில் இதோட மதகு ஒண்ணு உடைஞ்சு தண்ணி வீணாப் போனது, நாங்க ஸ்கூலில் இருந்தப்போ ஊரே பேசின விஷயம். மார்க்கண்டேய நதியும் இங்கேதான் வந்து சேருது. அந்த நதியில் கர்நாடகா யார்கோளில் கட்டின அணைக்காக ரெண்டு மாநிலத்துக்கும் வழக்கு வேற. தண்ணி வரலைன்னா சண்டை. வந்தா நுரை. எல்லையில் வாழ்றவங்க நிலைமை இதுதான் பாஸ்.

டேம் வாசலில் மீன் வறுவல் கடைகள். மசாலா வாசனையில் கால் தானா நின்னுடுச்சு. ஆனா ரெண்டாம் நம்பர் பாட்டில் முதுகில் கனக்குது. "அக்கா, இந்தத் தண்ணி மீனை..."ன்னு இழுத்தேன். கடை அக்கா கரண்டியை நிறுத்தாம, "நான் தினமும் திங்கறேன் தம்பி. என் பசங்களும் திங்கறாங்க. வேற என்ன கேக்கணும்?" என்றார். எதுவும் கேட்கலை. ரெண்டு பிளேட் வாங்கினோம். ருசியா இருந்துச்சு. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மூணாம் பாட்டிலை நிரப்பிட்டு, ஊத்தங்கரை, செங்கம் வழியா சாத்தனூர். ஊத்தங்கரையில் ஒருத்தர் சுவத்தில் ஈரக் கோட்டைக் காட்டினார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது இங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணி எல்லாம் போய்ச் சேர்ந்தது சாத்தனூர் அணைக்கு. 119 அடி அணை. டிசம்பர் 2 அன்னிக்கு விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12,000 லிட்டர் தண்ணி லாரியா இருந்தா, ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 400 லாரி! கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர் ஊரா மூழ்குச்சு.

நாங்க போன அன்னிக்கு அணை அமைதியா, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சுத்தி மலை, கீழே பூங்கா, குடும்பம் குடும்பமா கட்டுச்சோறு. நுரை? ஒரு பொட்டு இல்லை. நாலாம் பாட்டில் பார்க்கவே தெளிவு. 'பரவாயில்லை, வழியில சரியாயிடுச்சு'ன்னு மனசு லேசாகி, திருவண்ணாமலை போய் ஒரு மடத்தில் பாயை விரிச்சோம்.

நாலாவது நாள்: பாட்டியின் கேள்வி

தை 5. ஓசூர்க்காரங்க நிறைய பேருக்கு இந்த நாளின் விசேஷம் தெரியாது. எனக்கும் தெரியாது. தென்பெண்ணையின் கீழ்ப்பகுதி ஊர்களில் அன்னிக்கு ஆற்றுத் திருவிழா! மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வர்றார். சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகளும் மேளதாளத்தோட ஆத்துக்கு வருது. மணலில் கால் வைக்க இடமில்லை. பலூன், பஞ்சுமிட்டாய், ராட்டினம், மலை மலையா சுருளிக் கிழங்கு. குழந்தைகள் தண்ணியில் குதியாட்டம் போடுது. யார் மூக்கிலும் கர்ச்சீப் இல்லை.

ஒரு பாட்டி, பேரனைத் தண்ணியில் நிறுத்தி தலையில் தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க பையைப் பார்த்துட்டு, "எந்த ஊரு தம்பி?"

"ஓசூர் பாட்டி."

பாட்டி முகம் மலர்ந்துடுச்சு. "அட, எங்க ஆறு உங்க ஊரு வழியாத்தான வருது! அங்க தண்ணி நல்லாப் போவுதா?"

என் முதுகுப் பையில், மூணு கவருக்குள்ள, ரெண்டாம் நம்பர் பாட்டில் இருக்கு. எடுத்துக் காட்டியிருக்கலாம். "பாட்டி, தெளிக்காதீங்க"ன்னு சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவங்களுக்கே எல்லாம் தெரிஞ்சும் இருக்கலாம்.

"போகுது பாட்டி" என்றேன்.

அவங்க ஒரு கை தண்ணியை அள்ளி வாயில் விட்டுக்கிட்டு, முந்தானையில் முடிஞ்சு வெச்சிருந்த சுருளிக் கிழங்கில் ஒண்ணை எடுத்து என் கையில் வெச்சாங்க. "தின்னு. மேக்கேர்ந்து வந்த புள்ளைங்க."

கிழங்கு தொண்டையில் இறங்கலை. ரூம்மேட் என்னைப் பார்க்காம, அஞ்சாம் பாட்டிலை நிரப்பிக்கிட்டு இருந்தான்.

திருக்கோவிலூரில் ஆத்துக்கு நடுவில் கபிலர் குன்று பார்த்தோம். நண்பன் பாரி இறந்த பிறகு, அவன் மகள்களுக்கு ஒரு வழி செஞ்சுட்டு, கபிலர் வடக்கிருந்து உயிர்விட்ட இடம்னு சொல்றாங்க. மத்த நாளா இருந்தா, 'செம ஸ்பாட்'னு போட்டோவாத் தள்ளியிருப்பேன். அன்னிக்கு, ஒருத்தருக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சவரைப் பத்தி நினைச்சுக்கிட்டே பஸ் ஏறினேன்.

அஞ்சாம் நாள்: கடல்

கடலூர் லாட்ஜில் ராத்திரியே பாட்டில்களை வரிசையா வெச்சாச்சு. ஒண்ணாம் நம்பர் காலி. மத்ததை ஒவ்வொண்ணா இருபது தடவை குலுக்கினோம். போனில் ஸ்டாப்வாட்ச். சாத்தனூரும் மணலூர்பேட்டையும் குலுக்குறதை நிறுத்தினதும் அடங்கிடுச்சு. கே.ஆர்.பி. கொஞ்ச நேரம் நின்னுச்சு. கெலவரப்பள்ளி? மூணு நிமிஷம் தாண்டியும் விளிம்பில் வெள்ளை வளையம் அப்படியே இருந்துச்சு.

இது ஆராய்ச்சி இல்லை, லாட்ஜ் ரூம் விளையாட்டு. நுரை போனதால தண்ணி சுத்தமாயிடுச்சுன்னும் அர்த்தம் இல்லை. வழியில் மூணு அணையிலும் தேங்கி, கசடு அடியில் படியுது. மழைத் தண்ணி கலந்து நீர்த்துப் போகுது. பாக்டீரியா கொஞ்சம் தின்னு தீர்க்குது. ஆனா உப்போ, மத்த ரசாயனமோ குலுக்கினா தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அதுக்கு லேப் வேணும். நாம அனுப்புறதை ஆறு தன்னால முடிஞ்ச அளவுக்குச் சுமந்து, இறக்கி, கழுவிக்கிட்டே வருது. அதைத்தான் அந்தப் பாட்டி கையில் அள்ளினாங்க.

விடியற்காலையில் தாழங்குடா. ஆறு கடலைத் தொடுற இடம். ஒரு பக்கம் படகுகள், ஒரு பக்கம் மணல் திட்டு, நடுவில் சத்தமே இல்லாம ஆறு உள்ளே போகுது. சூரியன் தண்ணிக்குள்ள இருந்து எழுந்துச்சு. ரூம்மேட் கையை விரிச்சு நின்னான். இந்தத் தடவை பனி இல்லை, போட்டோ சூப்பரா வந்திருக்கு. அவன் போஸ்டருக்குப் பக்கத்தில் இப்போ அதுவும் ஒட்டியிருக்கு.

ஒரு அலை வந்து என் காலடியில் உடைஞ்சு வெள்ளையா நுரைச்சுது. என் கை தானா மூக்குக்குப் போயிடுச்சு பாஸ்! இது கடல் நுரை, நாத்தம் இல்லை, ஒண்ணும் பண்ணாதுன்னு மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியலை. இருபது வருஷப் பழக்கம். என் தங்கச்சிக்கு இன்னும் அந்தப் பழக்கம் முழுசா வரலை. வரக் கூடாது.

ஆறாம் பாட்டிலை நிரப்பிட்டு ஊர் திரும்பினோம். ஆறும் இப்போ எங்க காலேஜ் லேபில் இருக்கு. மினி ப்ராஜெக்ட்டுக்கு வேற தலைப்பு வெச்சிருந்தோம், மாத்திட்டோம். பழைய தண்ணி செல்லாது, முறையா எடுத்துட்டு வாங்கன்னு மேடம் திட்டினாங்க. அதனால அதே ஊர்களுக்கு அதே பஸ்ஸில் மறுபடியும் போறோம். அப்பா ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க எங்க தெரு சாக்கடையைப் பின்தொடர்ந்து நடந்துட்டு வந்திருக்கார். எங்கே போய்ச் சேருதுன்னு இப்போ எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பாட்டி, நீங்க இந்தப் பத்திரிகை படிக்கிறீங்களான்னு தெரியாது. உங்க பேரன் படிச்சுச் சொல்லட்டும். அன்னிக்கு நான் சொன்னது பொய். எங்க ஊரில் தண்ணி நல்லாப் போகலை. அடுத்த தை 5-க்கு வர்றேன். அப்போ லேப் சொன்னதை உங்ககிட்ட மறைக்காம சொல்றேன்.

சரி பாஸ், உங்க ஊர் ஆறு எங்கே பிறக்குது, எங்கே முடியுது? பிரேசில் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதோட முழுசா போய்ட்டு வந்து எழுதுங்க.

பைக்குள் பார்க்க...

* செலவு: அஞ்சு நாளைக்கு ஆளுக்கு 2,300 ரூபாய். முழுக்க அரசு பஸ். தங்கினது வீடு, நண்பன் வீடு, மடம், ஒரே ஒரு ராத்திரி லாட்ஜ்.
* வழி: ஓசூர் - பெங்களூரு - நந்தி மலை - ஓசூர் - கிருஷ்ணகிரி - ஊத்தங்கரை - செங்கம் - சாத்தனூர் - திருவண்ணாமலை - மணலூர்பேட்டை - திருக்கோவிலூர் - கடலூர்.
* எப்போ: பொங்கல் லீவு பெஸ்ட். தை 5-ஐ மிஸ் பண்ணாதீங்க. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆத்துப் பக்கம் போகாதீங்க. அணை திறப்பு அறிவிப்பைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.
* ஜாக்கிரதை: நுரையில் இறங்கி செல்ஃபி வேண்டாம். ஆத்து மணலில் பள்ளங்கள் இருக்கும், நீச்சல் தெரிஞ்சாலும் ஆழம் தெரியாம இறங்காதீங்க.
* கட்டாயம்: சுருளிக் கிழங்கு. கொடுக்கிறவங்க ஏதாவது கேட்டா, உண்மையைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க.